கல்லூரிக் கொயரில் சேர்ந்து வெளிநாடு வரை போய்ப் பாட: நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கம் பாட்டு என்றால் வழிகள் கொஞ்சம்தான். சின்ன வயதில் பாட்டு டீச்சரிடம் சரளி வரிசை, மாரியம்மன் நோம்பியில் மைக் கிடைத்தால் ஒரு சாமி பாட்டு, கல்லூரிக்கு வந்தால் கல்சுரல்ஸில் சினிமாப் பாட்டு. நான்கு குரலாகப் பிரிந்து ஒரே நேரத்தில் நான்கு மெட்டுப் பாடுகிற கொயர் என்பது சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகளுக்குத்தான் பழக்கம். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கோவைக்கு இன்ஜினியரிங் படிக்க வந்த எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன், நான்கு வருஷம் பேஸ் பார்ட் பாடினேன், சிங்கப்பூருக்கு ஒரு தடவை ஜெர்மனிக்கு ஒரு தடவை போய் வந்தேன். வருஷா வருஷம் ஜூனியர்கள் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆடிஷன்

முதலில் ஒன்று. இது டிவி பாட்டுப் போட்டி இல்லை. நான் தெரியாமல் போய், இருக்கிற சங்கதி எல்லாம் போட்டு ஒரு சினிமாப் பாட்டை இழுத்தேன். மாஸ்டர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, ஏற்கெனவே கொயரில் இருந்த ஒரு சீனியரைப் பக்கத்தில் நிற்க வைத்து, "இப்ப இவன் குரலுக்குள்ள உன் குரல் தெரியாத மாதிரி பாடு பார்க்கலாம் சாமி" என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஆடிஷனே அதுதான்.

அங்கே பார்ப்பது மூன்று விஷயம். கீபோர்டில் நாலைந்து சுரம் வாசிப்பார்கள், கேட்டு அப்படியே திருப்பிப் பாட வேண்டும். கீழே எதுவரை போகிறது, மேலே எதுவரை போகிறது என்று குரலை அளந்து பார்ப்பார்கள். அப்புறம் உங்களை ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, பக்கத்தில் ஒருவர் வேறு சுரம் பாடுவார். அந்தப் பக்கம் சாயாமல் நின்றால் பாதி வேலை முடிந்தது. அதனால் பாட எடுத்துப் போகும் பாட்டு எளிமையானதாக இருக்கட்டும். ஒரு பிறந்தநாள் பாட்டைச் சுத்தமான சுருதியில் பாடினாலே போதும்.

பெண் குரலில் உச்சம் சோப்ரானோ, கீழே ஆல்டோ. ஆண் குரலில் உச்சம் டெனர், கீழே பேஸ். எந்தப் பார்ட் என்பதை மாஸ்டர் முடிவு செய்யட்டும். சோப்ரானோதான் மெயின், ஆல்டோ சும்மா துணைக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. மெட்டு சோப்ரானோவிடம் இருக்கிறது என்பது நிஜம், அதனாலேயே அது சுலபம். ஆல்டோவும் டெனரும் நடுவில் மாட்டிக்கொண்டு பாட்டே மாதிரி இல்லாத ஒரு வரிசையை நினைவு வைத்துப் பாடுகிறவர்கள், காது நன்றாக இருந்தால்தான் முடியும். ஒரு ரகசியமும் சொல்கிறேன்: டெனருக்கு எல்லா ஊரிலும் பஞ்சம். மேல் சுரம் சிரமம் இல்லாமல் வருகிற பையன்கள் தைரியமாகப் போகலாம்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு

பாட்டு கிளாஸ் போன பிள்ளைகள் கொயரில் முதல் மாதம் திணறுவார்கள், ஆறு மாதத்தில் மற்றவர்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் பார்த்தவரை அப்படித்தான்.

கணக்கு சுலபம். 1 கட்டை என்பது மேல்நாட்டு இசைக்காரர்கள் சொல்லும் சி, 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. டியூனிங் ஃபோர்க்கைத் தட்டினால் வருவது அந்த ஏ, நொடிக்கு 440 அதிர்வு. மேஜர் ஸ்கேல் என்பது நம் சங்கராபரணத்தின் ஏழு சுரங்கள்தான். டோ ரே மீ என்பது ச ரி க மாதிரியே, ஆதார சுருதி எங்கே இருக்கிறதோ அங்கே நகர்ந்துகொள்ளும். இந்த டோ ரே மீ முறையை எழுத்தில் எழுதிப் பாடுவதற்கு டானிக் சோல்ஃபா என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வன் வளர்த்தது, மிஷனரிகள் கூடவே நம்ம ஊருக்கும் வந்து சேர்ந்தது. சர்ச் கொயரில் பாடிய பிள்ளைகள் பலர் இன்றைக்கும் அதைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள், அப்படி யாராவது உங்கள் குழுவில் இருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆனால் வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து பாட ஐந்து கோட்டு நோட்டேஷன் கண்டிப்பாக வேண்டும். பயப்பட ஒன்றும் இல்லை, தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் உங்கள் வரி எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று பின்தொடர்கிற அளவுக்குச் சில வாரத்தில் வந்துவிடும்.

விட வேண்டியது கமகம். சுரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறுவது, கடைசியில் ஒரு சின்ன அசைவு போடுவது, இதெல்லாம் நமக்குத் தெரியாமலே வரும். முப்பது பேர் பாடும்போது ஒருவர் குரல் ஆடினாலும் மொத்தமும் கலங்கின மாதிரி கேட்கும். சுரத்தின் நடுவில் நேராகப் போய் இறங்கி அசையாமல் நிற்கப் பழகுங்கள்.

விடக் கூடாதது தம்புராவோடு பழகிய காது. பியானோவில் இருக்கும் காந்தாரம் உண்மையில் கொஞ்சம் கூர்மையானது. தம்புராவோடு இயல்பாக ஒட்டுகிற அந்தர காந்தாரம் அதைவிட ஏறக்குறைய 14 சென்ட் தாழ்வு, நூறு சென்ட் சேர்ந்தால்தான் ஒரு அரைச் சுரம். வாத்தியம் இல்லாமல் கொயர் பாடும்போது அந்தத் தாழ்ந்த காந்தாரத்தை வைத்தால்தான் கூட்டுச் சுரம் பூட்டு மாட்டின மாதிரி நிற்கும். இதை மேல்நாட்டுக் குழுக்கள் மெனக்கெட்டுப் பழகுகிறார்கள், சுருதிப் பெட்டியோடு வளர்ந்த பிள்ளைக்குத் தானாக வருகிறது.

பிராக்டீஸ்

கொயர் பிராக்டீஸ் என்பது பாட்டைக் கற்றுக்கொள்ளும் இடம் இல்லை, தெரிந்த பாட்டைச் சேர்க்கிற இடம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. உங்கள் பார்ட்டை ரெக்கார்ட் செய்து வாங்கி டவுன் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள், மனப்பாடம் ஆனதும் மற்ற மூன்று பார்ட்டை ஓடவிட்டு உங்களுடையதை மட்டும் பாடிப் பாருங்கள். அங்கேதான் தெரியும் தெரிந்ததும் தெரியாததும்.

பென்சில் இல்லாமல் போகாதீர்கள். பேனா வேண்டாம், மாஸ்டர் நாளைக்கே மாற்றுவார். மூச்சு எங்கே, எந்த எழுத்தில் எல்லாரும் வெட்ட வேண்டும், எங்கே நிமிர்ந்து கையைப் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் தாளில் குறியுங்கள். நீளமான வரியில் பக்கத்தில் நிற்பவரோடு பேசி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி மூச்சு எடுங்கள், வார்த்தையின் நடுவில் எடுங்கள், வெளியே நழுவி சத்தமில்லாமல் உள்ளே வாருங்கள், கேட்கிறவருக்கு மொத்தக் குழுவும் மூச்சே விடாத மாதிரி இருக்கும். கடைசியில் வரும் ‘ஸ்’ ஒலியை எல்லாரும் ஒரே கணத்தில் விட வேண்டும், இல்லையென்றால் பஸ் டயரில் காற்றுப் போகிற சத்தம்தான்.

வேற்று மொழிப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பதுதான் நாம் எல்லோரும் செய்கிற தப்பு. நம் எழுத்தில் க ஒன்றுதான், ப ஒன்றுதான். ‘குளோரியா’ என்று எழுதி வைத்துவிட்டு அழுத்தமான க-வில் பாடினால் லத்தீன் கேட்டுப் பழகியவர்கள் புருவத்தைத் தூக்குவார்கள். எங்கள் குழுவில் மெல்லிய ஒலி வருகிற இடத்துக்கு எல்லாம் அடிக்கோடு போட்டுப் பழகினோம். ஜெர்மன் பாட்டில் வரும் இரண்டு புள்ளி வைத்த ‘ஊ’வுக்கு வாயை ஊ மாதிரி குவித்துக்கொண்டு உள்ளே ஈ சொல்லுங்கள், சரியாக வந்துவிடும்.

பல்கலைக்கழக யூத் ஃபெஸ்டிவல் க்ரூப் சாங்கில் பாடியிருக்கிறேன், அதுவும் கொயர்தானே என்று சில ஜூனியர்கள் கேட்பார்கள். அங்கே மேடையில் பாடுகிறவர்கள் ஆறு பேர். ஆறு பேரில் ஒவ்வொரு குரலும் தனியாகத் தெரியும், தெரியத்தான் வேண்டும். நல்ல பழக்கம்தான், ஆனால் வேறு விளையாட்டு.

வெளிநாட்டு அழைப்பு வந்தால்

மூன்று வகையில் வரும். போட்டி அல்லது விழா, அங்குள்ள ஒரு கொயரோடு பரிமாற்றம், அங்குள்ள தமிழ்ச் சங்கமோ சர்ச்சோ கூப்பிடுவது.

போட்டிகளில் பெரியது வேர்ல்ட் கொயர் கேம்ஸ். 2000இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கியது, பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மாறி ஊர் நடக்கும். 2018இல் தென்னாப்பிரிக்காவின் ஷ்வானே, 2024இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து. பல நாட்டுக் கொயர்களை ஒரே வாரத்தில் கேட்கலாம் என்பதற்காகவே போகலாம், ஆனால் பதிவுக் கட்டணம், தங்கல், சாப்பாடு எல்லாம் குழுவின் தலையில். இது தவிர, "உங்கள் குழுவைச் சிறப்பாகத் தேர்வு செய்திருக்கிறோம்" என்று பல விழாக்காரர்களிடமிருந்து மெயில் வரும். பணம் கட்டுகிற எல்லாக் குழுவும் சிறப்பான குழுதான். எத்தனை மேடை, எவ்வளவு பெரிய அரங்கு, விசா கிடைக்காவிட்டால் கட்டிய பணம் திரும்புமா, போன வருஷம் போன குழு எது, இந்த நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டாம்.

முதல் தடவை என்றால் நான் பரிமாற்றத்தைத்தான் சொல்வேன். அவர்கள் வீடுகளில் நம்மைத் தங்க வைப்பார்கள், அடுத்த வருஷம் அவர்கள் வந்தால் நம் வீடுகளில் தங்குவார்கள். ஹோட்டல் செலவு மிச்சம், அதைவிட, ஒரு வாரம் அவர்களோடு ஒரே வரிசையில் நின்று பாடினால் ஒரு செமஸ்டர் பிராக்டீஸுக்குச் சமம்.

என்ன பாடுவது? அவர்கள் பாட்டை நம் உச்சரிப்பில் கேட்க யாரும் காத்திருக்கவில்லை. தமிழ்ப் பாட்டு பாதிக்கு மேல் இருக்கட்டும். இதற்கு நமக்கு முன்னோடி இருக்கிறார், எம்.பி.சீனிவாசன். மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கி, பாரதி பாடல்களைக் கூட்டுக் குரலில் பாட முடியும் என்று காட்டியவர். பாரதி பாட்டுகள் பொதுவுடைமை, வரிகளுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சினிமாப் பாட்டு அப்படி இல்லை, முறையான அனுமதி வேண்டும். இந்தியாவில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் இறந்து 60 வருஷம், ஐரோப்பாவில் 70 வருஷம் உரிமை இருக்கும். ஜெராக்ஸ் எடுத்த நோட்டேஷனோடு போட்டி மேடை ஏறினால் அங்கே சிக்கல். பழைய மேல்நாட்டுப் படைப்புகளுக்கு சிபிடிஎல் என்ற இலவச இணைய நூலகம் இருக்கிறது, 1998இலிருந்து நடக்கிறது, அங்கிருந்து எடுங்கள்.

நாங்கள் வள்ளி கும்மி மெட்டில் ஒரு அமைப்பு வைத்திருந்தோம். பெண்கள் மெட்டு, பையன்கள் கீழே தாளச் சொல், எல்லாரும் கைத்தட்டு. சிங்கப்பூரில் தரையில் கம்பளம் விரித்த அரங்கில் பிரமாதமாக எடுபட்டது. ஜெர்மனியில் ஒரு பழைய கல் தேவாலயத்தில் அதே வேகத்தில் ஆரம்பித்தோம், ஒவ்வொரு தட்டும் கூரைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அடுத்த தட்டு விழுந்து ஒரே இரைச்சல். நாலு வரிக்கு அப்புறம் மாஸ்டர் வேகத்தைப் பாதியாக இறக்கி, கையை விட்டு விரலால் தட்டச் சொன்னார், அப்புறம்தான் பாட்டு வெளியே வந்தது. ஆகவே இங்கேயே இரண்டு இடத்தில் பழகுங்கள். எதிரொலிக்கு ஹாஸ்டல் படிக்கட்டின் அடி, எதிரொலியே இல்லாததற்குக் கிரவுண்டு.

பாஸ்போர்ட், விசா, ஓ.டி.

பாட்டைவிட இதில்தான் டூர்கள் கவிழ்கின்றன, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் கொயரில் சேர்ந்த வாரமே விண்ணப்பிக்கலாம். நம் பகுதிக்கு மண்டல அலுவலகம் கோவையில் இருக்கிறது. சாதாரணக் கட்டணம் 36 பக்கத்துக்கு 1500 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2000. ஊர் விலாசத்தைக் கொடுத்தால் போலீஸ் விசாரணைக்கு அங்கே இருக்க வேண்டும், ஹாஸ்டலில் உட்கார்ந்துகொண்டு "வீட்ல அம்மா இருக்காங்க" என்றால் நடக்காது.

இனிஷியல்தான் நமக்குப் பெரிய தலைவலி. பாஸ்போர்ட் படிவத்தில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டுவிடுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு எடுத்தால் பின்னால் அவஸ்தை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் கெடுபிடி செய்கிறது. எங்கள் குழுவில் ஓர் ஆல்டோ பெண்ணுக்குக் கல்லூரி கொடுத்த பட்டியலில் இனிஷியலோடு பெயர், அதை வைத்தே டிக்கெட் போட்டுவிட்டார்கள், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போதுதான் கவனித்தோம், திருத்தப் பணம் கட்டி, அவள் அழுது, ஏஜென்ட்டோடு சண்டை போட்டு ஒருவழியாக முடிந்தது. பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் பெயர்ப் பட்டியல் தயாரிக்க ஒரே ஒரு ஆள் பொறுப்பாக இருக்கட்டும். பத்துப் பேருக்கு மேல் என்றால் விமானக் கம்பெனிகள் குழு டிக்கெட் தருவார்கள், பெயரைப் பிறகு கொடுக்கலாம்.

சிங்கப்பூர் சுலபம், கோவையிலிருந்தே நேரடி விமானம் உண்டு. விசா அங்கீகரித்த ஏஜென்ட் வழியாக எடுக்க வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் காசு கிடையாது.

ஐரோப்பா என்றால் ஷெங்கன், அதாவது அங்கே பல நாடுகளுக்குச் சேர்த்துத் தருகிற ஒரே விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்திருக்க வேண்டும், ஆனால் அவ்வளவு கடைசிக்கு விடாதீர்கள், சீசனில் அப்பாயின்ட்மென்டே கிடைக்காது. திரும்பும் தேதிக்கு மேல் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கட்டணம் 90 யூரோ, ஆனால் லாப நோக்கமில்லாத அமைப்பு நடத்தும் கலை நிகழ்ச்சிக்குப் போகிற 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தூதரகம் விரும்பினால் விலக்குத் தரலாம், அழைப்புக் கடிதத்தில் அந்த விவரம் தெளிவாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை: கல்லூரி போனஃபைட் (இங்கே படிக்கிறார் என்ற சான்று), என்ஓசி (போக ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்), அழைப்பு, அப்பாவின் பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு. விவசாயக் குடும்பத்தில் வரிக் கணக்கு இருக்காது. அப்போது தாசில்தார் வருமானச் சான்று, பட்டா சிட்டா நகல், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஏன் வரிக் கணக்கு இல்லை என்று ஒரு சின்னக் கடிதம். எங்கப்பா மஞ்சள் மண்டி ரசீதையும் சேர்த்து வைத்தார், தேவையா என்று தெரியாது, விசா வந்தது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கட்டுவதற்கு முன் தூதரகத்தின் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள்.

ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரி வேலையாகப் போனதாக அட்டென்டன்ஸ் தருகிற) கடிதத்தைக் கிளம்பும் முன்பே வாங்குங்கள். 75 சதவீத அட்டென்டன்ஸை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போனவர்கள் பட்டது போதும். பணத்துக்கு முன்னாள் மாணவர்கள், ரோட்டரி, லயன்ஸ், தெரிந்த பனியன் கம்பெனி. நேரில் போய் ரெண்டு பாட்டுப் பாடிக் காட்டிவிட்டுக் கேட்டால் கிடைக்கிறது, மெயில் போட்டால் கிடைப்பதில்லை.

பெட்டி

டூர் டீ-ஷர்ட்டுக்குத் திருப்பூர் இருக்கிறது, அது கவலை இல்லை. மேடைக்குப் பெண்கள் நெகமம் காட்டன் சேலை கட்டினார்கள், பார்க்க அழகு, ஆனால் சின்ன அயர்ன் பாக்ஸ் ஒன்று குழுவுக்கு வேண்டும். சிங்கப்பூரில் மூன்று தட்டைக் கம்பி பிளக், ஜெர்மனியில் இரண்டு உருண்டைக் கம்பி. மேடை உடையும் நோட்டேஷனும் கைப்பையில், பெட்டி வராமல் போனாலும் பாடலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் அம்மாக்களை நம்பாதீர்கள். கொப்பரைத் தேங்காய் விமானப் பெட்டியில் வைக்கக் கூடாது, எண்ணெய்ப் பிடிப்பால் தானே பற்றக்கூடிய சரக்கு என்று வைத்திருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பையன் ஒருவனுக்குக் கவுன்டரிலேயே எடுத்து வைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பாலும் இறைச்சியும் சார்ந்த பொருள் அனுமதி இல்லை, பால்கோவா வேண்டாம். நியூசிலாந்து போனால் எந்தத் தின்பண்டத்தையும் படிவத்தில் சொல்லிவிடுங்கள், தடைப்பட்ட பொருளைச் சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். பருப்புப் பொடி பெரிய பெட்டியில், ஊறுகாய் கைப்பையில் வேண்டவே வேண்டாம்.

அங்கே

விமானத்தில் காற்று காய்ந்து கிடக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், சந்தோஷத்தில் கத்திப் பேசாதீர்கள். இறங்கின அன்றைக்கே மேடை இருந்தால் மாஸ்டரிடம் சண்டை போடுங்கள்.

எண்ணிக்கைக்கு ஆளுக்கு ஒரு எண். ரயிலில் ஏறியதும் ஒன்றிலிருந்து வரிசையாகச் சொல்ல வேண்டும், எண் நின்றால் ஆள் இல்லை. குழந்தைத்தனமாக இருக்கும், பெர்லின் ஸ்டேஷனில் ஒரு டெனரை இதனால்தான் பிடித்தோம்.

தங்கும் வீட்டில் சைவம் என்றால் முட்டை உண்டா, சீஸ் உண்டா என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல் பிராக்டீஸ் என்று ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர் வருவார்.

மூன்றாம் நாள் யாருக்காவது தொண்டை கட்டும். கட்டினவர் வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கட்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. களைப்பில் சுருதியும் இறங்கும். ஒரு நிகழ்ச்சியில் வாத்தியம் இல்லாமல் பாடி முடித்துவிட்டு மாஸ்டர் ஃபோர்க்கைத் தட்டிப் பார்த்தார், முழுசாக அரைச் சுரம் கீழே வந்திருந்தோம். ஒருவரும் தனியாகத் தப்பவில்லை, எல்லாரும் சேர்ந்தே இறங்கியிருந்தோம். அதற்கப்புறம் மேல் நோக்கிப் போகிற சுரத்தைக் கொஞ்சம் தாராளமாகவும் இறங்குகிற சுரத்தைக் கஞ்சத்தனமாகவும் எடுக்கச் சொன்னார், அது வேலை செய்தது.

திரும்பி வந்ததும் ஒரு வாரத்துக்குள் கணக்கை முடித்து ரசீதுகளை ஒப்படையுங்கள், தங்க வைத்த வீட்டுக்கு நாலு வரி எழுதுங்கள், பணம் கொடுத்தவர்களுக்கு நிகழ்ச்சிப் பதிவை அனுப்புங்கள். வீட்டிலும் போட்டுக் காட்டுங்கள். நான் கோபிக்குப் போய் அப்புச்சிக்கு அந்தக் கல் தேவாலயத்துப் பதிவைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார். "நல்லாத்தான் இருக்குது. இதுல நீ எங்கடா சாமி பாடற? உன்ற குரலே கேக்கலியே" என்றார். இன்னொரு தடவை போட்டுக் காட்டினேன். அப்பவும் கேட்கவில்லை.